சென்னை ஈரத்தில் வாட்டர்போர்ன் பெயிண்ட்: எந்த சிஸ்டம் எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்பத்தூர் பக்கம் ஒரு பாடி ஷாப், அடிபட்ட காரைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கிற பட்டறை. ஒரு டவுன்டிராஃப்ட் பூத் (காற்று மேலிருந்து கீழே ஓடுகிற பெயிண்ட் அறை), இரண்டு பெயிண்டர்கள், மாதம் ஐம்பது அறுபது கார். இதுவரை சால்வென்ட் பேஸ்கோட்தான், அதாவது தின்னர் போன்ற ரசாயனத்தில் கரைத்த நிறப்பூச்சு. இப்போது ஒரு கார் கம்பெனியின் அங்கீகாரம் வாங்க, தண்ணீரை முக்கியக் கரைப்பானாக வைத்த வாட்டர்போர்னுக்கு மாறச் சொல்கிறார்கள். நான்கைந்து பிராண்டின் ஆட்கள் வந்து போய்விட்டார்கள், எல்லோரும் தங்களுடையதுதான் சிறந்தது என்கிறார்கள். எதை எடுப்பது? நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது சரிவருமா?

சரிவரும். ஆனால் எந்த டின் நல்லது என்பதிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் பூத்தில் காற்று எப்படி ஓடுகிறது, கம்ப்ரசர் எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற சிஸ்டத்தை, அதாவது ஒரு கம்பெனியின் பெயிண்ட் வரிசையை, தேடுங்கள். இருபது வருடத்துக்கு மேல் ஸ்ப்ரே கன் பிடித்தவன் நான், இப்போது பெயிண்டர்களுக்குப் பயிற்சி தருகிறேன். எந்த பிராண்டுக்கும் ஏஜென்ட் இல்லை. பெரிய கம்பெனிகளின் டாப் லைன் எதுவும் மோசமில்லை. ஷாப்புக்குப் பொருந்தாத சிஸ்டத்தை வாங்கிவிட்டுப் பெயிண்டைத் திட்டியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வாட்டர்போர்ன் என்றால் பூத்துக்குள் எல்லாமே தண்ணீர் பெயிண்டாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் மாறுவது பேஸ்கோட் மட்டும்தான். கீழே போடும் சர்ஃபேசரும் (தேய்த்துச் சமப்படுத்துகிற அடிப்பூச்சு) மேலே போடும் டூ-கே கிளியரும் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற நிறமில்லாத மேல்பூச்சு) பெரும்பாலான ஷாப்களில் பழையபடி சால்வென்ட்தான். பேஸ்கோட்டிலும் கொஞ்சம் சால்வென்ட் உண்டு, சுத்தத் தண்ணீர் இல்லை. ஐரோப்பிய யூனியனின் 2004ஆம் ஆண்டு ஆணைப்படி, 2007 ஜனவரி முதல் ரிஃபினிஷ் (மறுபூச்சு) டாப்கோட்டில் லிட்டருக்கு 420 கிராமுக்கு மேல் விஓசி, அதாவது ஆவியாகிக் காற்றில் கலக்கிற கரிமச் சேர்மம், இருக்கக்கூடாது. தெற்கு கலிஃபோர்னியாவில் 2008 ஜூலையில் கலர் கோட்டுக்கு அதே 420 வந்தது. இன்று உலகெங்கும் விற்கிற வாட்டர்போர்ன் லைன்கள் பலவும் இந்த எண்ணை மனதில் வைத்துச் செய்தவைதான். ஐரோப்பியக் கணக்கில் தண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் விஓசி பார்ப்பார்கள். அதனால் டின்னில் 420 என்று போட்டிருந்தாலும், ஒரு லிட்டர் பெயிண்டை அடிக்கும்போது காற்றில் போகிற சால்வென்ட் அதைவிடக் குறைவு.

கிளியரை இறுகவைக்கிற ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் என்ற ஆபத்தான ரசாயனத்துக்கு இந்த மாற்றத்தால் ஒன்றும் ஆகிவிடாது. பேஸ் அடிக்கும்போது வாசனை குறைந்திருக்கும். அதை நம்பி, 'வாட்டர்தானே' என்று மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளியர் அடிக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஐசோசயனேட்டால் வருகிற ஆஸ்துமா ஒருமுறை பிடித்தால் அவன் இந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். கிளியருக்கு ஏர்-ஃபெட் மாஸ்க் (குழாய் வழியாகச் சுத்தக் காற்று வருகிற மாஸ்க்) கட்டாயம். இதை பிராண்ட் ஆட்கள் மறந்துவிட்டிருந்தால் நான் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஈரப்பதம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம், சால்வென்ட்களில் ஒன்றான சைலீன் ஒரு கிலோவுக்குத் தேவைப்படுவதைப் போல ஐந்தாறு மடங்கு. அதோடு, சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது சால்வென்ட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீருக்கு அதுதான் எல்லாம். காற்று ஏற்கெனவே நிறைந்திருந்தால் பேஸ்கோட்டில் இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? இதைக் கேட்டவுடன் பலர் 'அப்போது சென்னைக்கு ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அதே காற்றை பூத்தின் பர்னர் வழியாக 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை, காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் காற்று பானல்மேல் (காரின் தகட்டின்மேல்) வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் பேஸ் காய்ந்துவிடும். சூடு மட்டும் இருந்து காற்று ஓடாவிட்டால் பானலை ஒட்டி ஈரக்காற்றுப் படலம் ஒன்று நின்றுகொண்டு வேலையைக் கெடுக்கும். நம் ஊரில் பல பூத்களில் டீசல் மிச்சம் பிடிக்க பர்னரைப் போடாமல் அடிப்பது வழக்கம். சால்வென்ட்டில் அது ஓடியது. வாட்டர்போர்னில் ஐப்பசி, கார்த்திகையில் ஓடாது.

எனக்கே பட்ட பாடு ஒன்று. வாட்டர்போர்ன் பழகிய புதிதில், நவம்பரில், ஒரு சில்வர் காரின் போனட். வெளியே விடாமல் மழை. பேஸ் இரண்டாவது கோட்டும் போட்டாயிற்று. நடுவில் எல்லாம் மேட்டாகிவிட்டது. ஓரத்தில், போனட் மடிப்பை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் கொஞ்சம் ஈரப் பளபளப்பு. கஸ்டமர் வெளியே நிற்கிறார், 'போதும்' என்று கிளியரை அடித்துவிட்டேன். அன்று மாலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் மாஸ்கிங் டேப்பை இழுத்தபோது அந்த ஓரத்தில் கிளியர் வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது. மிச்ச இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் குட்டிக் குட்டித் துளைகள். கிளியரின் ஹார்ட்னர் தண்ணீரைப் பார்த்தால் அதோடு வினைபுரிந்து கரியமில வாயு விடும், அந்த வாயு வெளியேறிய வழிதான் அந்தத் துளை. போனட்டை முழுக்கத் தேய்த்து மறுபடி அடித்தேன். அதற்கப்புறம் இன்றுவரை, கைப்பிடிக் குழி, மடிப்பு, பம்பரின் ஃபாக் லாம்ப் ஓட்டை என்று தண்ணீர் கடைசியாகக் காயும் இடங்களை டார்ச் அடித்துப் பார்க்காமல் கிளியர் கப்பைத் தொடுவதில்லை. எங்கும் ஒரே மாதிரி மேட், அதுதான் அடையாளம். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் என்று கணக்குப் போடுவது சால்வென்ட் காலத்துப் பழக்கம்.

காற்று என்றவுடன் கம்ப்ரசர். ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் நான்கு கன அடி என்பது நடைமுறைக் கணக்கு. உங்களிடம் ஐந்து ஹெச்பி இருந்தால் இருபது கன அடி, அதாவது நிமிடத்துக்கு 560 லிட்டர் போல. ஒரு ஹெச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை விடுகிற ஸ்ப்ரே கன்) மட்டுமே 400 லிட்டர் பக்கம் குடிக்கும். இதோடு பேஸ்கோட் காயவைக்க ஸ்டாண்டில் மாட்டுகிற வெஞ்சூரி புளோயர் இரண்டு வைத்தால், ஒவ்வொன்றும் கன் குடிப்பதில் பாதிக்குக் குறையாமல் குடிக்கும். கூடவே பக்கத்து வேலையிடத்தில் ஒருவன் தேய்க்கிற சாண்டரை ஓட்டுவான். கணக்கு முடிந்தது, கம்ப்ரசர் மூச்சுவாங்கும். தொடர்ந்து ஓடினால் அது சூடாகும், சூடானால் லைனில் தண்ணீரும் எண்ணெயும் அதிகம் வரும். வாட்டர்போர்ன் எண்ணெயை மன்னிக்கவே மன்னிக்காது. சால்வென்ட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகிற எண்ணெய்த் துளி இதில் மீன்கண் போன்ற வட்டக் குழியாக நிற்கும். ரெஃப்ரிஜரேட்டட் டிரையர், எண்ணெய் பிடிக்கிற ஃபில்டர், கடைசியில் பூத் வாசலில் ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர், இவை இல்லாமல் எந்த பிராண்டையும் வாங்காதீர்கள். கார்பனை நாள் குறித்து மாற்ற வேண்டும். அது நிறைந்துவிட்டால் சொல்லிக்கொண்டு நிற்காது.

சரி, பிராண்டுகளுக்கு வருவோம். பெயரை வைத்துப் பிரிப்பதைவிட, டின்னுக்குள் என்ன இருக்கிறது, எப்படி அடிக்கிறோம் என்று பிரித்தால் ஷாப்புக்கு உதவும்.

பிபிஜியின் என்வைரோபேஸ், அக்வாபேஸ் பிளஸ் இரண்டும் பெயர்தான் வேறு, அடிப்படைத் தொழில்நுட்பம் ஒன்று. இவற்றின் டோனர்கள் (ஷேட் கலக்கப் பயன்படும் மூல நிறங்கள்) அடியில் படியாதபடி செய்யப்பட்டவை. மிக்ஸிங் மெஷினில் மாட்டிக் காலையும் மாலையும் சுற்றவிட வேண்டியதில்லை, பாட்டிலைக் கையில் எடுத்து மெதுவாகக் குலுக்கினால் போதும். ஷெல்ஃபில் அடுக்கி வைத்து, தராசில் ஊற்றி அளந்து முடித்துவிடலாம். சின்ன மிக்ஸிங் ரூம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அதைவிட முக்கியம், கலக்க மறந்துவிட்டதால் ஷேட் மாறிப்போகிற ஆபத்து குறைவு. நம் ஷாப்களில் மெஷினைச் சுற்றவிடுகிற பொறுப்பு யாருடையது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் குடும்பத்துக்கு என்னிடம் மதிப்பு உண்டு.

பிஏஎஸ்எஃப் வழி வேறு. ஆர்-எம் ஓனிக்ஸ் ஹெச்டியின் டோனர்களில் தண்ணீர் கிடையாது. ஷேட் கலந்த பிறகு ஹைட்ரோமிக்ஸ் என்ற தண்ணீர் பாகத்தைச் சேர்த்தால்தான் அது வாட்டர்போர்ன் ஆகிறது. மெட்டாலிக்கில் இருக்கிற அலுமினியத் துகளும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும். அதனால்தான் தண்ணீர் கலந்த மெட்டாலிக் டோனர்களில் துகளுக்கு மேல்பூச்சுக் கொடுத்துப் பாதுகாக்கிறார்கள். தண்ணீரைக் கடைசியில் சேர்க்கிற முறையில் இந்தக் கவலை டோனர் டின்னுக்குள் இல்லை. எப்போதாவது மட்டும் தேவைப்படுகிற ஷேடுகளுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கே மிக்ஸிங் மெஷின் வேண்டும், அதை ஒழுங்காக ஓட்டவும் வேண்டும். அதே கம்பெனியின் கிளாசுரிட் 90 லைன் பழுத்த, நம்பகமான சிஸ்டம். பல ஐரோப்பிய கார் கம்பெனிகளின் அங்கீகாரம் அதற்கு உண்டு. அவர்களுடைய புதிய கிளாசுரிட் 100 லைனும் ஆர்-எம் அஜிலிஸும் விஓசியை 250 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தவை. அடிக்கிற நேரமும் குறைவு. உங்கள் டீலர் அதைக் கையிருப்பு வைத்து, சர்வீஸும் கொடுத்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆக்சால்டாவிடம் மூன்று பெயர்கள்: குரோமேக்ஸ் புரோ, ஸ்டாண்டோப்ளூ, பெர்மாஹைட் ஹை-டெக் 480. டூபாண்டின் பெயிண்ட் பிரிவை 2013இல் கார்லைல் குழுமம் வாங்கியபோது பிறந்த கம்பெனி இது, டூபாண்டிடம் ஏற்கெனவே சேர்ந்திருந்த குரோமேக்ஸ், ஸ்டாண்டாக்ஸ், ஸ்பீஸ் ஹெக்கர் மூன்றும் அப்படியே ஒரே கூரையில். இவற்றின் சிறப்பு அடிக்கும் முறையில் இருக்கிறது. முதல் கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் காயவிடாமல், ஈரத்தின் மேலேயே ஒரு முழுக் கோட்டும் ஓர் அரைக் கோட்டும் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரே தடவை காயவைக்கலாம். பூத் நேரம்தான் உங்கள் முட்டுக்கட்டை என்றால் இது பணம். அக்ஸோ நோபலின் சிக்கென்ஸ் ஆட்டோவேவும் பழகிய கைக்கு அழகான மெட்டாலிக் கொடுக்கிற பெயிண்ட். அதைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இந்த அடிக்கும் முறை வித்தியாசத்தை ஒரு சில்வர் கதவில் வைத்துச் சொல்கிறேன். கோட்டுக்குக் கோட் காயவிடுகிற சிஸ்டத்தில், முதல் கோட் சன்னமாக, மூடியும் மூடாமலும். புளோயரைக் கோணமாகக் காட்டி மேட்டாக விடுகிறோம். இரண்டாவது கோட்டில் மறைத்துவிட வேண்டும். மறுபடி மேட். அப்புறம் டிராப் கோட்: பிரஷரைக் குறைத்து, கன்னை வழக்கமான தூரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு பின்னால் எடுத்து, தூறல் மாதிரி ஒரு சன்னப் படலம். துகள்கள் ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும், மேகம் மேகமாகத் திட்டு விழுந்திருந்தால் அதுவும் மறையும். ஈரத்தின்மேல் ஈரம் அடிக்கிற சிஸ்டத்தில் இந்த டிராப் கோட்டின் வேலையைத்தான் அந்த அரைக் கோட் செய்கிறது, ஆனால் கீழே இருப்பது இன்னும் ஈரம். கையில் வேகம் சீராக இல்லாவிட்டால் துகள் நீந்திப்போய்த் திட்டுத் திட்டாக நிற்கும். அதோடு மொத்தத் தண்ணீரும் ஒரே தடவையில் வெளியேற வேண்டும் என்பதால் உங்கள் காற்றோட்டம் பலமாக இருக்க வேண்டும். காற்று குறைந்த பூத்தில் இதை வாங்கிவிட்டு, 'வேகமான சிஸ்டம் என்றார்கள், மழைக்காலத்தில் பழையதைவிட மெதுவாக இருக்கிறது' என்று புலம்பியவர் ஒருவர் இருவர் இல்லை. எதிர்ப்பக்கம், மதுரை, திருச்சி சித்திரை வெயிலில் பிரச்சினை தலைகீழ். பெயிண்ட் பானலில் விழுவதற்குள் காய்ந்து எமரித் தாள் மாதிரி சொரசொரப்பாகும். அங்கே ஸ்லோ தின்னர் (மெதுவாகக் காய்கிற தின்னர்) இல்லாமல் முடியாது. எந்த சிஸ்டம் எடுத்தாலும் அதன் ஸ்லோ தின்னர் உங்கள் டீலரிடம் வருடம் முழுக்கக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வாட்டர்போர்னில் படலம் காயும்போது நன்றாகச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே அலுமினியத் துகளைத் தட்டையாகப் படுக்கவைக்கிறது. கலர் மேட்சும், புதுப் பெயிண்டைப் பழையதோடு கரைத்துவிடுகிற ஃபேடிங் ஓரமும் இதில் சுலபம் என்று பெயிண்டர்கள் சொல்வது சும்மா இல்லை. அதே காரணத்தால் எமரிக் கோடும் வெளியே தெரியும். சால்வென்ட்டில் எந்த நம்பரில் சர்ஃபேசரைத் தேய்த்தீர்களோ, இதில் அதைவிட நைசாகப் போங்கள். பட்டி வேலையில் விட்ட குறையைப் பேஸ்கோட் மூடிவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் முதல் மாதத்தில் படுத்தும். மாஸ்கிங்குக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டுகிற வழக்கத்தை அன்றே நிறுத்துங்கள். ஈரம் ஊறி, தாள் தொய்ந்து, மை கிளம்பிப் பக்கத்துப் பானலில் அப்பிக்கொள்ளும். மாஸ்கிங் பேப்பரோ ஃபிலிமோ வாங்குங்கள். காகித ஸ்ட்ரெய்னரில் தண்ணீரில் கரைகிற பசை இருந்தால் அது கப்புக்குள்ளேயே பிரிந்துவிடும், வாட்டர்போர்னுக்கென்றே விற்பதை வாங்க வேண்டும். தின்னர் தீர்ந்துவிட்டது என்று குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் ஊர்த் தண்ணீரின் உப்பு போதும் ஷேடையும் ஒட்டுதலையும் கெடுக்க. கன்னுக்கு உள்வழி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், நாசில் 1.2 முதல் 1.3 மி.மீ. பேஸுக்கு ஒரு கன், கிளியருக்கு ஒரு கன், இரண்டையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. வாட்டர்போர்ன் மிச்சமிருக்கிற கன்னில் சால்வென்ட் தின்னரை ஊற்றினால் உள்ளே பசைபோலத் திரண்டுவிடும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. அதில் ஒரு பொடியைப் போட்டுக் கலக்கினால் பெயிண்ட் கட்டியாகத் திரளும், வடிகட்டித் தண்ணீரைத் தனியே, கசடைத் தனியே எடுக்கலாம். சால்வென்ட் கழிவோடு சேர்க்காதீர்கள். டோனர் வைக்கிற அறை 35 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதத்தில் அது நடக்காது. மிக்ஸிங் ரூமுக்கு ஒரு ஏசியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலையை லிட்டருக்கு ஒப்பிடாதீர்கள். லிட்டர் விலையில் வாட்டர்போர்ன் உங்களைப் பயமுறுத்தும். ஒரு கதவுக்கு எத்தனை கிராம் பேஸ் போனது, பூத் எத்தனை நிமிடம் பிடித்தது, எத்தனை கார் ஷேட் சரியில்லை என்று திரும்பி வந்தது, இந்த மூன்றையும் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். உங்கள் சால்வென்ட் வேலைக்கும் இதே மாதிரி எழுதுங்கள். ஷேட் திரும்பி வருகிற செலவைத்தான் யாரும் எழுதுவதில்லை, அங்கேதான் பணம் போகிறது.

ஷேட் என்றதும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், காரின் நிறத்தை அளந்து பொருந்துகிற ஃபார்முலாவைத் தேடித் தருகிற கருவி. பிபிஜிக்கு ரேப்பிட்மேட்ச், அக்ஸோவுக்கு ஆட்டோமேட்சிக், ஆக்சால்டாவுக்கு அக்வயர், கிளாசுரிட்டுக்கு ரேஷியோ ஸ்கேன் என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று உண்டு. எல்லாமே நல்ல கருவிகள். ஆனால் நம் சாலையில் ஓடுகிற கார்களின் ஃபார்முலா அந்தக் கம்பெனியின் டேட்டாபேஸில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஷாப்பில் நிற்கிற ஐந்து கார்களை, அதில் ஒன்று வெயிலில் வெளுத்த பழைய சிவப்பு, ஒன்று பேர்ல் வெள்ளை, டெமோவுக்கு வருகிற டெக்னீஷியனிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை முதல் தடவையிலேயே பொருந்துகிறது என்று எண்ணுங்கள். கேட்லாக்கைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

உங்கள் நிலைமைக்கு என் கருத்து கேட்டால்: ஒரு பூத், இரண்டு பெயிண்டர், சென்னை ஈரம். மெஷின் வேண்டாத, கோட்டுக்குக் கோட் காயவிட்டு அடிக்கிற சிஸ்டத்தில் தொடங்குவது பாதுகாப்பு, தவறு செய்தால் நடுவில் திருத்திக்கொள்ள இடம் இருக்கும். கார் எண்ணிக்கை நூறைத் தாண்டி, பூத்தில் காற்றோட்டத்தைக் கூட்டியபின், ஈரத்தின்மேல் ஈரம் அடிக்கிற லைனை யோசிக்கலாம். ஆனால் உங்களுக்கு அங்கீகாரம் தருகிற கார் கம்பெனி இன்னின்ன லைன்தான் என்று பட்டியல் வைத்திருக்கும். அதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பட்டியலுக்கு வெளியே இருப்பதைப் பற்றி யோசித்துப் பயனில்லை.

பட்டியலில் மிஞ்சுகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு சில்வர் கதவு கொடுங்கள். அவர்களுடைய டிரெய்னிங் சென்டரில் வேண்டாம், உங்கள் பூத்தில், மழை பெய்கிற ஒரு மத்தியானம். முதல் கதவை அவர்களுடைய ஆள் அடிக்கட்டும், இரண்டாவதை உங்கள் பெயிண்டர் அடிக்கட்டும். கைப்பிடிக் குழி மேட்டாக எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துவையுங்கள். மறுநாள் காலையில் டேப்பை இழுத்துப் பாருங்கள், அப்புறம் எல்லாக் கதவுகளையும் டியூப் லைட்டுக்குக் கீழிருந்து வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்க் காருக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள்.